காய்தாக்கில் மூன்று நாள்: ஹாங்காங் செவன்ஸ் 2025

செவ்வாய், 25 மார்ச்

ஏழு பேர் ஆடும் ரக்பியின் பெருவிழாவான ஹாங்காங் செவன்ஸ் போட்டி தொடங்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தில் கெடக்கூடியவற்றில் பாதி விமானம் ஏறும் முன்பே கெட்டுவிடும் என்பதால் முதல் குறிப்பு காகிதங்களைப் பற்றி.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஹாங்காங்கில் விசா வேண்டாம் என்பார்கள். பாதி சரி. 2017 ஜனவரி முதல் இந்தியர்கள் புறப்படும் முன் இணையத்தில் முன்வருகைப் பதிவு செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்டால்தான் விசா இல்லாமல் 14 நாள் தங்கலாம். கட்டணம் கிடையாது, ஒருமுறை செய்தால் ஆறு மாதம் செல்லும். ஏற்கப்பட்டதும் வரும் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டு எடுத்துப் போக வேண்டும். அலைபேசியில் காட்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயர்க் கட்டத்தில். தமிழர்களின் கடவுச்சீட்டுகளில் குடும்பப்பெயர்க் கட்டம் பல நேரம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். பதிவில் இன்ஷியலை முன்னால் போட்டு, கடவுச்சீட்டில் அது விரிந்து பின்னால் இருந்தால் இரண்டும் வேறு ஆளாகிவிடும். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதே. பதிவு ஏற்கப்படாவிட்டால் விசாவுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் டிக்கெட் வாங்கும் முன்பே இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுத்தே ஆக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு 90 நாள், எந்தப் பதிவும் வேண்டாம்.

விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். சிறு காகிதத் துண்டு ஒன்றைத் தருவார்கள். எதுவரை தங்கலாம் என்பது அதில்தான் இருக்கும். பஸ் டிக்கெட் என்று நினைத்துக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஆக்டோபஸ் அட்டை. 150 ஹாங்காங் டாலர், அதில் 50 முன்பணம், 100 செலவழிக்க. 2025 மார்ச் மாற்று விகிதத்தில் ஒரு ஹாங்காங் டாலர் ஏறத்தாழ 11 இந்திய ரூபாய். ரயில், பஸ், டிராம், படகு, மூலைக்கு மூலை இருக்கும் சிறு கடைகள் எல்லாவற்றிலும் அட்டையைத் தட்டினால் போதும். கடையில் ரொக்கம் கொடுத்து நிரப்பும்போது 50-இன் மடங்காகத்தான் ஏற்றுவார்கள். இருப்பு தீர்ந்தால் ஒருமுறை கழித்தல் கணக்கில் போகவும் விடும். அந்தக் கடன் முன்பணத்திலிருந்துதான். பஸ்ஸில் ரொக்கம் போட்டால் சில்லறை திரும்பாது என்பதற்காகவே இந்த அட்டை வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் ஹாங்காங் நிலையத்துக்கு 24 நிமிடத்தில் போய்விடும். ஆனால் இந்த வருடம் போட்டி நடப்பது கவ்லூன் பக்கம், காய் தாக் மைதானத்தில். ஏ21 பஸ் நாதன் சாலை வழியாகச் சிம் ஷா சுயி போய் ஹங் ஹாமில் முடியும். ஏ22 கவ்லூன் சிட்டி வழியாகப் போகும். ரயிலைவிட மெதுவு, ஆனால் விலை குறைவு, மூட்டை முடிச்சோடு இடையில் மாற வேண்டியதும் இல்லை.

தங்கும் இடத்துக்குப் பழைய கட்டுரைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போன வருடம் வரை போட்டி தீவுப் பக்கம் சோ கோன் போவில் இருந்த ஹாங்காங் மைதானத்தில் நடந்தது. அதனால் எல்லாரும் வான் சாய், காஸ்வே பே என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது சிம் ஷா சுயி கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கமாகப் பாருங்கள். அங்கிருந்து டுவென் மா பாதையில் ஹங் ஹாம், ஹோ மான் டின், டோ குவா வான், சுங் வோங் டோய், அடுத்து காய் தாக். எங்கும் மாற வேண்டாம்.

புதன், 26 மார்ச்

இன்று தீவுப் பக்கம், ஹாப்பி வேலி. செவன்ஸ் வாரத்தில் புதனும் வியாழனும் ஹாங்காங் ஃபுட்பால் கிளப்பில் டென்ஸ் போட்டி நடக்கும். பத்துப் பேர், பாதிக்குப் பத்து நிமிடம், ஸ்க்ரமுக்கு (இரு அணியும் தோள் கொடுத்துத் தள்ளும் கூட்டம்) ஐந்து பேர். பதினைந்து பேர் ரக்பிக்கும் ஏழு பேர் ரக்பிக்கும் நடுவில் நிற்கும் ஆட்டம் என்பதால், செவன்ஸைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கண் பழக நல்ல இடம். கோட்டுக்கு மிக அருகில் நின்று பார்க்கலாம். மோதலின் சத்தம் காதில் விழும் தூரம். 50,000 பேர் அரங்கில் அது கிடைக்காது.

போவதற்கு டிராம். பின்பக்கம் ஏறி, முன்பக்கம் இறங்கும்போது காசு. ஹாப்பி வேலி என்று பலகை போட்ட வண்டியில் ஏறுங்கள். கிழக்கே போகும் எல்லா வண்டியும் அந்த வளைவுக்குள் திரும்புவதில்லை. கிளப் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டியே இருக்கிறது. பருவத்தில் வழக்கமாகப் புதன் இரவு பந்தயம் உண்டு, நுழைவு 10 டாலர். ரக்பி முடிந்து வரும் கூட்டமும் குதிரைக்கு வரும் கூட்டமும் ஒன்றாகும் மாலை அது. டிராமில் நின்றுகொண்டே போகத் தயாராக இருங்கள்.

ஹாங்காங் செவன்ஸ் பிறந்ததும் இதே கிளப்பில்தான், 1976 மார்ச் 28 அன்று, ஒரே நாளில். டோக்கி ஸ்மித் என்ற ரக்பி நிர்வாகியும் ரோத்மன்ஸ் சிகரெட் நிறுவனத்தின் இயன் கோவும் பேசிக்கொண்டதில் முளைத்த யோசனை. கேத்தே பசிபிக் விமான நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 12 அணிகள். ஃபிஜி, டோங்கா, ஜப்பான், மலேசியாவோடு இலங்கையும் வந்திருந்தது. இறுதியில் நியூசிலாந்தின் கேன்டாப்ரியன்ஸ் அணி ஆஸ்திரேலியாவின் வல்லரூஸை 24-8 என்று வென்றது. அந்த 8-ஐ இன்றைய கணக்கில் படித்தால் தவறாகப் போகும். அப்போது ஒரு ட்ரைக்கு (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) 4 புள்ளிதான், 5 ஆனது 1992-இல். 1982-இல் போட்டி சோ கோன் போவுக்கு இடம் மாறியது. அந்த அரங்கை 1994-இல் 40,000 பேருக்கானதாகத் திருப்பிக் கட்டினார்கள். பின்னாளில் நியூசிலாந்தின் நட்சத்திரமான ஜோனா லோமு என்ற பையனை உலகம் முதலில் கவனித்ததும் அந்த வருடம் அங்கேதான்.

வெள்ளிக்கிழமை முதல் விசில் ஊதும் தேதியும் மார்ச் 28. சரியாக 49 வருடம்.

வியாழன், 27 மார்ச்

ஆட்டம் இல்லாத நாளில் மைதானத்துக்கு ஒரு ஒத்திகை நடை போய்வருவது பலன் தரும். நாளை கூட்டத்தோடு தள்ளுண்டு போகும்போது எது எங்கே என்று தெரியாது.

டுவென் மா பாதையில் இரண்டு நிலையங்கள் பயன்படும்: காய் தாக், சுங் வோங் டோய். எல்லாரும் பெயரைப் பார்த்துக் காய் தாக்கில் இறங்குவார்கள். போகும்போது அது சரி. திரும்பும்போது சுங் வோங் டோய் பக்கம் நடந்தால், சிம் ஷா சுயி திசையில் போகிறவர்களுக்கு ஒரு நிலையம் மிச்சம். ஆனால் அந்த ரயில் காய் தாக்கில் ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். உட்கார இடம் வேண்டுமானால் காய் தாக், நடைமேடைக்குச் சீக்கிரம் போக வேண்டுமானால் சுங் வோங் டோய். தீவிலிருந்து வருபவர்கள் அட்மிரால்டியில் கிழக்கு ரயில் பாதையில் ஏறி ஹங் ஹாமில் மாறினால் போதும். குவுன் டோங் பாதையில் வருபவர்களுக்கு ஹோ மான் டின் அல்லது டயமண்ட் ஹில்.

சுங் வோங் டோய் என்ற பெயர் சீனாவின் சோங் வம்சத்தின் கடைசிச் சிறுவ அரசர்கள் இந்தப் பக்கம் ஒதுங்கியதன் நினைவு. நிலையம் தோண்டும்போது சோங், யுவான் காலப் பொருள்கள் கிடைத்து வேலை தாமதமானது. அவற்றில் சில இப்போது நிலையத்துக்குள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

மைதானம் நிற்பது பழைய காய் தாக் விமான நிலைய நிலத்தில். ஓடுபாதை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. 13 என்ற திசையில் இறங்கும் விமானி, மலையில் தீட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து வலப்பக்கம் 47 பாகை திருப்பி, கவ்லூன் சிட்டி மொட்டைமாடிகளுக்கு மேலே உரசுகிற மாதிரி இறங்க வேண்டும். 1998 ஜூலையில் மூடினார்கள். ஏறத்தாழ இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, இந்த மார்ச் முதல் தேதி விளையாட்டுப் பூங்கா திறந்தது. 50,000 இருக்கை, திறந்து மூடும் கூரை. திறந்து நான்கு வாரம்கூட ஆகாத இடம் என்பதை மனத்தில் வையுங்கள்: வழிகாட்டுகிறவர்களுக்கே வழி பழகியிருக்காது. டிக்கெட்டில் இருக்கும் வாயில் எண்ணையும் அடுக்கு எண்ணையும் முன்கூட்டிப் படத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்கு மைதானத்தை நம்ப வேண்டாம். முதல் வாரங்களில் எந்தப் புது அரங்கிலும் வரிசை நீளும். பிரின்ஸ் எட்வர்ட் சாலைக்கு அந்தப் பக்கம் கவ்லூன் சிட்டி; தாய் உணவகங்கள் நெருக்கியடித்து நிற்கும் பேட்டை. சைவக்காரர்கள் வெறுமனே காய்கறி கேட்டால் அதன் மேல் சிப்பிச் சாறு ஊற்றித்தான் வரும். 'ஸிக் ச்சாய்' என்று சொன்னால் பௌத்த சைவம் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார்கள். சோறும் குழம்பும் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சிம் ஷா சுயியின் சுங்கிங் மேன்ஷன்ஸ். லிஃப்டுக்கு வரிசை இருக்கும். ஒற்றை மாடிக்கு ஒன்று, இரட்டை மாடிக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள், பலகையைப் பார்த்து நில்லுங்கள்.

வெள்ளி, 28 மார்ச்

முதல் நாள். ஆண்கள் 12 அணி, பெண்கள் 12 அணி, நான்கு நான்காகப் பிரித்து மும்மூன்று குழு. ஆண்களில் அர்ஜென்டினா, ஃபிஜி, பிரான்ஸ், ஸ்பெயின், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து, கென்யா, உருகுவே. பெண்களில் தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, கென்யா, உருகுவே போய் கனடா, ஜப்பான், பிரேசில், சீனா. போட்டி நடத்தும் ஹாங்காங் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை என்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். ஹாங்காங் என்பது ஊர் ஊராக நடக்கும் செவன்ஸ் உலகத் தொடரில் ஒரு சுற்று; அந்தத் தொடரில் நிரந்தர இடம் பெற்ற அணிகள் மட்டும்தான் இங்கே ஆடுகின்றன.

ஒரு ஆட்டம் 7 நிமிடம், சிறு இடைவேளை, மறுபடி 7 நிமிடம். முழு அளவு மைதானம்: 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். பதினைந்து பேர் ஆடும் அதே தரையில் ஏழு பேர். தடுக்கும் அணி ஒருவரைப் பின்னால் ஸ்வீப்பராக வைத்தால், முன்வரிசையில் மிஞ்சுவது ஆறு பேர். ஆளுக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர். மஞ்சள் அட்டை வாங்கி ஒருவர் 2 நிமிடம் வெளியே உட்கார்ந்தால் ஐந்து பேர், ஆளுக்கு 14 மீட்டர். 14 நிமிட ஆட்டத்தில் 2 நிமிடம் ஏழில் ஒரு பங்கு. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ட்ரை விழாமல் தப்பிப்பது அபூர்வம்.

ஆனால் கண்ணை வைக்க வேண்டிய இடம் ட்ரை அல்ல. ட்ரை தானாகவே கண்ணில் படும், பெரிய திரையில் மூன்று முறை காட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் கழிப்பறைக்கோ பீருக்கோ எழுந்து போவார்கள். அப்போதுதான் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயம் நடுக்கோட்டில் நடக்கப்போகிறது: மறு உதை.

பதினைந்து பேர் ரக்பியில் புள்ளி எடுத்தவர்களுக்கு எதிரணி உதைத்துத் தரும். செவன்ஸில் தலைகீழ். புள்ளி எடுத்த அணியே உதைக்கும். அதாவது ட்ரை போட்ட அணி பந்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதைக் காற்றிலேயே மீட்டுவிட்டால், எதிரணிக்குப் பந்தே தொடக் கிடைக்காமல் மூன்று நான்கு நிமிடம் ஓடிவிடும். 14 நிமிடத்தில் அது எவ்வளவு பெரிய துண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உதை டிராப் கிக். பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும் கணத்தில் உதைக்க வேண்டும். பந்து எதிரணிப் பக்கம் 10 மீட்டர் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும். நல்ல உதை அந்தக் கோட்டுக்குச் சற்றே அப்பால், பக்கக் கோட்டுக்கு அருகில், மிக உயரமாகப் போய் இறங்கும். தூரம் முக்கியமில்லை, வானத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் முக்கியம்: துரத்துகிறவர் அடியில் போய்ச் சேர்ந்து, தாவவும் நேரம் வேண்டும். தாழ்வாகப் போனால் எதிரணி நின்ற இடத்திலேயே பிடித்துவிடும். ஆழமாகப் போனால் பிடித்தவருக்கு ஓட இடம் கிடைக்கும். 10 மீட்டர் போகாவிட்டாலோ, தரை தொடாமல் நேரே வெளியே போனாலோ, உதைக்கும் முன் ஒருவர் பந்தைத் தாண்டி ஓடிவிட்டாலோ நடுக்கோட்டில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அடித்த ட்ரையின் சூடு ஆறுமுன் பந்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி.

வாங்கும் பக்கம் பாருங்கள். மூன்று பேர் சேர்ந்து நகர்வார்கள். நடுவில் இருப்பவர் குதிக்க, முன்னும் பின்னும் இருப்பவர்கள் தொடையைப் பிடித்துத் தூக்குவார்கள். அதற்காகவே முழங்காலுக்கு மேலே தடிமனாக டேப் சுற்றியிருப்பார்கள். பிடி வழுக்காமல் நிற்க. யார் தொடையில் டேப் இருக்கிறதோ அவர்தான் அந்த அணியின் பந்து பிடிக்கும் ஆள்: தொலைநோக்கி இருந்தால் ஆட்டம் தொடங்குமுன்பே தெரிந்துகொள்ளலாம். உதைக்கிறவர் அந்த மூவர் நிற்கும் இடத்தை விட்டு வேறு பக்கம் குறி வைப்பார். மூவரும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே தூக்க வேண்டியிருக்கும். அப்படி ஓடும்போது கால் தவறினால் பந்து யாருக்கும் இல்லாமல் தரையில் துள்ளும். ரக்பிப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அதைத் தைத்தவருக்கே தெரியாது.

காற்றில் இருப்பவர் மேல் மோதினால் தண்டனை கடுமை. தலைகுப்புற விழுந்தால் சிவப்பு வரை போகும். மோதியவரின் கண் பந்தில் இருந்தது, அவரும் பந்துக்காகத்தான் குதித்தார் என்று நடுவர் நினைத்தால் மட்டும் விடுவார். கூட்டம் கத்துவதில் பாதி இந்த முடிவுகளுக்குத்தான்.

சனி, 29 மார்ச்

இரண்டாம் நாள் கணக்கு நாள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 2, தோல்விக்கும் 1. மூன்று குழுக்களிலும் முதல் இரண்டு இடம் காலிறுதிக்குப் போகும். மூன்றாம் இடத்து மூன்று அணிகளில் இரண்டு போகும். மூன்றாம் இடத்து அணி என்றால் பெரும்பாலும் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி: 3+1+1, ஐந்து புள்ளி. மூன்று குழுவிலும் அதே ஐந்து இருந்தால் யார் உள்ளே என்பதைப் புள்ளி வித்தியாசம் சொல்லும்.

அதனால்தான் 0-28 என்று பின்தங்கிய அணியும், நேரம் முடிந்ததென்று ஹூட்டர் அடித்த பிறகு பந்தை வெளியே உதைத்து முடிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹூட்டர் ஆட்டத்தை முடிக்காது. பந்து அடுத்து ஆட்டத்திலிருந்து வெளியேறும்போதுதான் முடியும். 0-28 என்பது 7-28 ஆனால் வித்தியாசம் 28-இலிருந்து 21. பக்கத்து இருக்கையில் இருப்பவர் 'தோத்த பிறகு எதுக்கு இந்த ஓட்டம்' என்று கேட்டால் இதுதான் பதில்.

அந்த 7-க்கு உள்ளே 2 இருக்கிறது, அதையும் விடக் கூடாது. அதுதான் கன்வர்ஷன், ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 2 புள்ளி. செவன்ஸில் அதுவும் டிராப் கிக்தான். பந்தைத் தரையில் நிறுத்தி வைத்து நிதானமாக உதைக்கும் வசதி இல்லை. ட்ரை விழுந்து 30 வினாடிக்குள் உதைத்தாக வேண்டும். ட்ரை வைத்த இடத்துக்கு நேர் பின்னால்தான் நின்று உதைக்க வேண்டும் என்பதால், கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடுகிறவர் கம்பங்களுக்கு நடுவே வளைந்து போகிறார். வீம்பு இல்லை அது. மூலையிலிருந்து உதைத்தால் பாதிக்குப் பாதி போகும். கம்பத்துக்கு முன்னால் இருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் அந்தக் கூடுதல் நான்கு தப்படியில் பின்னால் வந்தவர் கையைத் தட்டிவிட்டால் ஐந்தும் போய்விடும்.

பந்து நழுவுவதைப் பற்றி. மார்ச் கடைசி ஹாங்காங்கில் ஈரம் காற்றிலேயே தொங்கும். கூரை மூடினால் மழை வராது, ஆனால் வியர்வை எங்கும் போகாது. நாளின் பிற்பகுதியில் நாக்-ஆன் (பந்து கையிலிருந்து முன்னால் நழுவுவது) கூடுவதற்குச் சோர்வு ஒரு காரணம், முன்கையிலிருந்து வழியும் வியர்வை இன்னொன்று. வீரர்கள் உதைக்குமுன் பந்தைச் சட்டையில் துடைப்பதைப் பார்க்கலாம். சட்டையும் நனைந்துதான் இருக்கும்.

சவுத் ஸ்டாண்ட் பற்றிச் சொல்லாமல் சனிக்கிழமை முடியாது. பழைய மைதானத்தில் வேஷம் போட்டுக்கொண்டு விடியலிலேயே வரிசையில் நிற்பார்கள். இங்கேயும் தெற்கு முனை அவர்களுக்குத்தான்; பின்னால் பெரிய கண்ணாடி வழியாக விக்டோரியா துறைமுகம் தெரிகிறது. பீர் குடுவை கணக்கில் விற்கும் இடம், அது சில நேரம் தலைக்கு மேலே பறந்தும் வரும். அலைபேசியை ஜிப் போட்ட பையில் வையுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு பக்கம் டிக்கெட் எடுங்கள். வேஷம் போடுவதென்றால் இரண்டு இருக்கை அகலத்துக்கு இறக்கை வைக்காதீர்கள். ரயிலின் கதவிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

ஆட்டத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எங்கே உட்கார்வது? கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தால் தடுப்பு வரிசையில் இடைவெளி திறப்பது நேராகத் தெரியும். மறு உதையின் தூரம் தெரியாது. பக்கக் கோட்டில் கீழ் அடுக்கில் வேகம் தெரியும், அமைப்பு தெரியாது. பக்கக் கோட்டில் மேல் அடுக்கு, நடுக்கோட்டுக்கு நேர்: அங்கிருந்து இரண்டு பக்கமும் நிற்கும் பதினான்கு பேரையும் ஒரே பார்வையில் எண்ணலாம். விலை அதிகமான இடங்களைவிட இதுதான் நல்ல இடம் என்பது எங்கள் தீர்ப்பு.

ஞாயிறு, 30 மார்ச்

கடைசி நாள் ஆட்டங்களின் தரம் வேறு, கால்களின் நிலையும் வேறு. இறுதி வரை போகும் அணிக்கு மூன்று நாளில் ஆறு ஆட்டம். 6 தரம் 14, மொத்தம் 84 நிமிடம். பதினைந்து பேர் ரக்பி ஒரே ஆட்டம் 80 நிமிடம். பார்த்தால் சமம்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு முறையும் உடம்பு ஆறி, மறுபடி சூடேற்றி, மறுபடி முழு வேகத்தில் ஓட வேண்டும். மூன்றாம் நாள் அடிபடுவது பெரும்பாலும் தொடையின் பின் தசை. ஒரு ஆட்டத்தில் மாற்றி இறக்க ஐந்து பேர்; யாரை எப்போது இறக்குகிறார்கள் என்பதில் பயிற்சியாளரின் முகம் தெரியும். நல்ல அணிகள் உதைக்கிறவரை முதலில் மாற்றுவதில்லை, பந்துக்குக் குதிக்கிறவரைத்தான் மாற்றுகின்றன.

நாக்-அவுட்டில் சமன் கிடையாது. 5 நிமிடப் பாதிகளாகக் கூடுதல் நேரம். முதல் புள்ளி எடுத்தவர் வெற்றி. அப்போது பெனால்டி கிடைத்தால் டிராப் கிக்கில் 3 எடுத்து முடித்துவிடலாம். மற்ற நேரத்தில் யாரும் 3-க்கு ஆசைப்படுவதில்லை; சட்டென்று தட்டிவிட்டு ஓடுவார்கள்.

பெண்கள் இறுதியில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவை 26-19 என்று வென்றது. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 26 என்றால் நான்கு ட்ரை, மூன்று கன்வர்ஷன், 19 என்றால் மூன்று ட்ரை, இரண்டு கன்வர்ஷன். ஒரே ஒரு ட்ரையும் அதன் மேல் உதையும்தான் வித்தியாசம்.

ஆண்கள் இறுதி அர்ஜென்டினா 12, பிரான்ஸ் 7. ஹாங்காங்கில் அர்ஜென்டினாவுக்கு இது முதல் பட்டம். இங்கே ஃபிஜிக்கு 19 பட்டம் இருக்கிறது, அதில் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து. கடந்த இரண்டு வருடம் நியூசிலாந்து. அந்த வரிசையில் அர்ஜென்டினா பெயர் ஏற 49 வருடம் ஆகியிருக்கிறது.

இந்த 12-ஐயும் பிரிக்கலாம். இரண்டு ட்ரை, ஒரு கன்வர்ஷன். பிரான்ஸுக்கு ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன். அந்த ஒரு கன்வர்ஷன் அர்ஜென்டினாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் 10-7. போன வருடம் இதே பிரான்ஸ் இதே ஹாங்காங் இறுதியில் நியூசிலாந்திடம் தோற்ற எண்ணிக்கை அதுதான். இரண்டு இறுதியிலும் பிரான்ஸ் 7-இல் நின்றது. பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் ஃபிஜிக்கு எதிராக 28 போட்ட அணிக்கு இங்கே ஒரே ஒரு ட்ரை. இப்படிக் குறைந்த எண்ணிக்கை ஆட்டத்தைத் தடுப்பாட்டம் என்று சுருக்கிவிடுவார்கள். எண்ணிக்கை குறைவதன் முதல் காரணம் பந்து கிடைக்காதது. மறு உதை எத்தனை விழுந்தது, அவை யார் கைக்குப் போயின என்று குறித்துக்கொண்டே பார்த்தவர்களுக்கு இறுதியின் கதை எண்ணாகவே கையில் இருக்கும்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். கவ்லூன் சிட்டி பக்கம் நடந்து ஒரு மணி நேரம் சாப்பாட்டில் போக்கினால், சுங் வோங் டோயில் கூட்டம் கரைந்திருக்கும். ரயில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். டாக்ஸிக்கு நிற்பவர்கள் கவனிக்க: கவ்லூன் டாக்ஸி தீவுக்குப் போனால் சுரங்கப்பாதைக் கட்டணம் உங்கள் தலையில்.

திங்கள், 31 மார்ச்

ஆக்டோபஸைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணமும் மீதியும் கிடைக்கும். வாங்கிக் கொஞ்ச நாளே ஆன அட்டைக்குச் சிறு கழிவு உண்டு. மறுபடி வருகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

இதே 24 அணிகளும் நாளை மறுநாளுக்குள் சிங்கப்பூரில் இறங்கியிருக்கும். ஏப்ரல் 5, 6 சனி, ஞாயிறு, காலாங் நேஷனல் ஸ்டேடியம், இரண்டே நாளில் எல்லாம் முடியும். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ்: முதல் எட்டு அணிகள் பட்டத்துக்கு, மிச்ச நான்கு தொடரில் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள. வெற்றிக்கு 20 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றுக்கு 16 என்ற தொடர்க் கணக்கில், எட்டாவது ஒன்பதாவது இடத்தில் இழுபறியில் இருப்பவர்கள்தான் சிங்கப்பூரில் பார்க்க வேண்டியவர்கள்.

அங்கேயும் கூரை உண்டு, ஈரம் இன்னும் அதிகம். சர்க்கிள் பாதையில் ஸ்டேடியம் என்ற நிலையத்தில் இறங்கினால் எதிரே அரங்கம். அணிகள் பெயர்ப் பட்டியல் வெளியிட்டதும், ஹாங்காங்கில் தொடையில் டேப் சுற்றியிருந்த ஆட்கள் அதில் இருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள்.